எனாமல் கிண்ணத்தில் வந்த இங்கிலீஷ்

என் செங்கமலத்துக்கு,

இன்று காலை ஆறே முக்கால் மணிக்கு, ஏறத்தாழ ஓராண்டு ஆலோசனைக்குப் பிறகு, பக்கத்து வீட்டு எனாமல் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன். எதிர்ப்பு எதுவும் எழவில்லை. வீட்டில் நான் ஒருவன்தானே இருக்கிறேன். ஆனாலும் இந்த முடிவு இலேசில் வந்ததல்ல என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். இதற்கு முன் இரண்டு முறை அந்தக் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து வாசல்வரை கொண்டுபோய், மறுபடி அடுப்படி அலமாரியிலேயே வைத்திருக்கிறேன்.

நீல விளிம்பு வைத்த வெள்ளைக் கிண்ணம். உனக்குக் காய்ச்சல் கண்ட ஆடி மாதத்தில் மிஸஸ் கிளெமென்ட் அதில் பெப்பர் வாட்டர் கொண்டுவந்தார். நம் மிளகு ரசத்தை ஆங்கிலோ-இந்தியர்கள் அந்தப் பெயரில்தான் குடிக்கிறார்கள். நீ இரண்டு வாய் குடித்தாய். "உப்பு கம்மி" என்றாய். அதோடு கிண்ணம் நம் வீட்டிலேயே நின்றுவிட்டது. அக்கம்பக்கத்தில் வாங்கிய ஏனத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது நீ கொண்டுவந்த சட்டம். அதில் போட்டுக் கொடுக்க என்னிடம் என்ன இருந்தது, சொல்.

இந்தக் கடிதத்தைத் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் போடக் கேட்டிருக்கிறார்கள். ஆகவே உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் மற்றவர்களுக்காகவும் சொல்ல வேண்டியிருக்கும். நான் ஒன்றைச் சொன்னால் "தெரிஞ்சதையே எத்தினி வாட்டி சொல்லுவீங்க" என்று கேட்பது உன் வழக்கம். இந்த ஒரு முறை பொறுத்துக்கொள்.

அரக்கோணத்திலிருந்து கிளம்பி, நிஜாம் ராஜ்யத்துக்கு வந்து, செகந்திராபாத் ரயில்வே குடியிருப்பின் ஏழாம் நம்பர் வீட்டில் நாம் சாமான் இறக்கிய வாரமே, எட்டாம் நம்பருக்கு நீ சாம்பார் கொடுத்தாய். பித்தளைத் தூக்கில், மூடி போட்டு. எட்டாம் நம்பரில் என்ஜின் டிரைவர் கிளெமென்ட்டும் அவர் மனைவியும். சாயங்காலம் மிஸஸ் கிளெமென்ட் தூக்கைக் கழுவி, சுவருக்கு மேலே நீட்டினார். நீ மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, சந்தையில் அன்றுதான் கற்றிருந்த ஹிந்துஸ்தானியை எடுத்து விட்டாய்.

"காலி நக்கோ!"

காலியாக வேண்டாம் என்பது உன் அர்த்தம். அந்த அம்மாவோ தூக்கு சரியாகக் கழுவப்படவில்லை என்று நினைத்துக்கொண்டார். உள்ளே போய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்தார். நீ மறுபடி திறந்தாய்.

"காலி நக்கோ, காலி நக்கோ!"

"அரே, கைக்கு?" என்றார் அவர். ஏன் வேண்டாம் என்கிறாய் என்று கேட்க அந்த அம்மாவிடமும் தக்காணத்துச் சொல் அந்த ஒன்றுதான் இருந்தது. மாதக் கடைசி. வீட்டில் போட்டுத் தர ஒரு வாழைப்பழம்கூட இல்லை என்பதை நமக்கு எப்படிச் சொல்வார்? மூன்றாம் முறை தூக்கைத் திறந்தபோது அடியில் ஒரு துண்டுக் காகிதம் கிடந்தது. நாட்காட்டியிலிருந்து கிழித்தது. பின்பக்கத்தில் பென்சிலால் மூன்று ஆங்கிலச் சொற்கள். நீ திருப்தியாக வாங்கிக்கொண்டாய். தூக்கு காலியாக வரவில்லை, அவ்வளவுதான் உனக்கு.

நான் ஆபீசிலிருந்து வந்ததும் சீட்டை நீட்டி, "இன்னா எழுதிக்கீறாங்க?" என்று கேட்டாய். வித் மெனி தேங்க்ஸ், மிக்க நன்றியுடன் என்று சொன்னேன். நீ அதன் கீழே தமிழ் எழுத்தில் எழுதி, அடுப்படிச் சுவரின் ஆணியில் குத்தி வைத்தாய். மறுநாள் மிஸஸ் கிளெமென்ட் கறிவேப்பிலை கேட்டு வந்தார். கொடுத்துவிட்டு, நீயே "வித் மெனி தேங்க்ஸ்" என்றாய். கொடுக்கிறவள் நன்றி சொன்னது அவருக்கு விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் சொன்ன விதத்தில் பிழையில்லை.

அன்று தொடங்கியது அந்த ஏற்பாடு. நம் வீட்டிலிருந்து புளி, பச்சரிசி மாவு, மோர்மிளகாய் போகும். அவர்கள் வீட்டிலிருந்து இங்கிலீஷ் வரும். ஒரு தூக்குக்கு ஒரு சொற்றொடர். அது என்ன அர்த்தம் என்பதை மிஸஸ் கிளெமென்ட் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று நடித்துக் காட்டுவார். இன் எ ஹரி என்ற சீட்டு வந்த அன்று அந்தக் கனத்த உடம்போடு கோழிக்கூண்டைச் சுற்றி ஓடினாரே, நினைவிருக்கிறதா? ஆல் ஆஃப் எ சடன் வந்த அன்று திடீரென்று ஒரு பீங்கான் தட்டைக் கீழே போட்டு உடைத்தார். கல்விக்காக அவ்வளவு தியாகம் செய்தவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நான் அப்போதே ரயில்வே ஆபீசில் ஆங்கிலக் கடிதப் போக்குவரத்துப் பிரிவில் குமாஸ்தா. மெட்ரிகுலேஷன் தேறியவன். இப்படிச் சில்லறையாகக் கற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னை உட்காரவைத்து அடிப்படையைச் சொன்னேன். ஆன் என்றால் மேலே. இன் என்றால் உள்ளே. அட் என்றால் இடத்தில். பை என்றால் ஆல் என்னும் வேற்றுமை. இந்த நான்கும் கைவந்துவிட்டால் மீதி தானாக வரும் என்றேன்.

நீ முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாய்: "அப்போ ஆன் டியூட்டின்னா? டியூட்டி மேல ஏறி உக்காந்துக்கினு இருக்கறதா?"

எங்கள் ஹெட் கிளார்க் விஷயத்தில் அது முற்றிலும் சரி என்று சொன்னேன்.

"பை ஹார்ட்?"

"இதயத்தால்."

"மனப்பாடமான்னு அந்தம்மா தலையைத் தட்டிக் காட்டினாங்களே. நெஞ்சைத் தொடவே இல்லியே."

நான் இலக்கணப் புத்தகத்தை எடுக்கப் போனேன். அப்போது நீ சொன்னதை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. "இன்னாங்க, தூக்கை மூடியோட குடுத்தா மூடியோட வாங்கிக்கணும். மூடி எதுக்கு, தூக்கு எதுக்குன்னு கயட்டிக் கயட்டிப் பாத்துக்கினு இருந்தா உள்ள இருக்கறது ஆறிப்பூடும்."

அதற்குப் பிறகு நான் உனக்குப் பாடம் எடுக்கவில்லை. நீயும் கேட்கவில்லை. சீட்டுகள் ஆணியில் தடித்துக்கொண்டே போயின. ஒரு நாள் சாம்பாரில் உப்பு இரட்டிப்பாக இருந்தது. நான் முகத்தைச் சுளித்தேன். நீ நிதானமாக, "பை மிஸ்டேக்" என்றாய். மறுநாளும் அப்படியே இருந்தது. முந்தின நாள் உன் அண்ணனைப் பற்றி நான் ஏதோ சொல்லியிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். "ஆன் பர்பஸ்" என்றாய். கைதவறிச் செய்வதற்கும் வேண்டுமென்றே செய்வதற்கும் உள்ள வேறுபாடு என் புத்தகத்தில் இரண்டு பக்கம். உன் சமையலில் இரண்டு வேளை.

இதையெல்லாம் வேடிக்கையாகத்தான் நினைத்திருந்தேன். ஒப்புக்கொள்கிறேன். ஆபீசில் நண்பர்களிடம் சொல்லிச் சிரித்துமிருக்கிறேன்.

இனி மற்றவர்களுக்குத் தெரியாத பகுதி.

ரயில்வேயில் ஒரு வழக்கம் உண்டு. என்ஜின் டிரைவர் எப்போது வேலைக்கு வர வேண்டும் என்பது கடிகாரத்தில் இல்லை. என்ஜின் ஷெட்டிலிருந்து ஓர் ஆள், கையில் கால்-புக் என்ற நீளப் புத்தகத்தோடு டிரைவர் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவான். டிரைவர் அதில் நேரம் போட்டுக் கையெழுத்திடுவார். தட்டியும் ஆள் இல்லை என்று அவன் திரும்பிப் போய்ச் சொல்லி, ஷெட்டில் அது கால்-புக்கில் ஏறிவிட்டால், அந்த டிரைவர் வேலையைக் கைவிட்டு வெளியே போனவர் ஆகிவிடுவார். நம் வரிசைக்குக் கால்-பியூன் முனுசாமி அண்ணன். நம் அரக்கோணத்துக்காரர். அவருக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. அது நம் தமிழ் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். ஷெட்டில் ஒருவருக்கும் தெரியாது. படிக்கத் தெரியும் என்று சொல்லித்தான் வேலையில் சேர்ந்திருந்தார்.

பிறகு எப்படி வீடு கண்டுபிடித்தார்? குடியிருப்பில் முன் வரிசையும் பின் வரிசையும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரே கதவு, ஒரே சுவர். ஆனால் ஏழாம் நம்பர் வாசல் சுவரில் மட்டும் வருஷம் முழுக்க உன் பழைய நீலப் புடவை விரிந்திருக்கும். அதில் வடாமோ, வற்றலோ, மோர்மிளகாயோ காயும். அவர் அதைப் பார்த்து, அதற்கு அடுத்த கதவைத் தட்டுவார். "தங்கச்சி, ஒன் வடாம்தாம்மா எனக்கு நம்பர் பலகை" என்று உன்னிடமே சொல்லியிருக்கிறார்.

ஒரு சித்திரையில் நம் வாசலுக்கு எதிரே புதுத் தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். மத்தியானத்துக்கு மேல் அதன் நிழல் நம் சுவரில் விழுந்தது. வடாம் காயவில்லை என்று நீ நீலப் புடவையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின் வரிசையில் நமக்கு நேர் பின்னாலிருந்த வீட்டுச் சுவரில் விரித்தாய். நம் கொல்லைக் கதவில் உட்கார்ந்து பார்த்தால் அந்தச் சுவர் நேராகத் தெரியும். காக்கைக்குக் கழியை வைத்துக்கொண்டு நீ அங்கேயே உட்கார்ந்திருந்தாய். இரண்டு மணிக்கு முனுசாமி அண்ணன் வந்தார். வடாமைப் பார்த்தார். அதற்கு அடுத்த கதவைத் தட்டினார். அந்த வீடு காலியாகக் கிடந்தது. யாரோ புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நீ நினைத்துக்கொண்டு, ஒரு காக்கையை விரட்டினாய்.

முன் வரிசையில், எட்டாம் நம்பரில் கிளெமென்ட் பூட்ஸ் மாட்டி, டிபன் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கதவு தட்டும் சத்தத்துக்காக உட்கார்ந்திருந்தார். சரக்கு வண்டி சாயங்காலம்வரை நகரவில்லை.

மறுநாள் அவரைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நீக்கினார்கள். விசாரணை வைப்பதாகவும், ஒரு வாரத்துக்குள் குற்றமில்லை என்று தெளிவாகாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றும் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தது என் பிரிவுதான். அதன் ஆங்கிலத்தில் ஒரு குறையும் இல்லை.

மிஸஸ் கிளெமென்ட் அன்று நம் தூக்கைத் திருப்பிக் கொடுக்க வந்தார். உள்ளே வழக்கம்போல ஒரு சீட்டு. ஃபார் குட். இந்த முறை எதையும் நடித்துக் காட்டவில்லை. நம் வீட்டையும் தம் வீட்டையும் சுட்டி, கையை மெல்ல அசைத்துவிட்டுப் போனார். ஒரேயடியாகப் போகிறோம் என்பதை நான் உனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. நீ வெகுநேரம் அந்தச் சீட்டை ஆணியில் குத்தவில்லை. பிறகு கேட்டாய்: "நேத்து ரெண்டு மணிக்குத்தானே கதவைத் தட்டினதா சொல்றாங்க?"

நீ பார்த்ததைச் சொன்னாய். நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதிவிடுகிறேன். "நமக்கு எதுக்கு?" என்றேன். டிரைவர் ஒரு துரைக்கு வேண்டாதவர், முனுசாமி நம் ஊர்க்காரர், நான் அந்த ஆபீசில் குமாஸ்தா, எந்தப் பக்கம் பேசினாலும் நமக்குத்தான் கஷ்டம் என்று அடுக்கினேன்.

நீ என்னைப் பார்த்தாய். "வடாம் நம்முதுங்க" என்றாய். அவ்வளவுதான்.

செய்தி எப்படியோ குழாயடிக்குப் போய்விட்டது. முனுசாமி அண்ணனின் மனைவி பட்டம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "தொரசானி வராங்க, வழி வுடுங்கடி! ஏம்மா செங்கமலம், அந்தச் சட்டைக்காரி வூட்டுக் கிண்ணத்துல அப்படி இன்னாத்தப் போட்டுக் குடுத்தா, எங்க வாயில மண்ண அள்ளிப் போடறதுக்கு?"

"ஒன் வூட்டுக்காரரு பொய் சொல்லலன்னும் நான்தான் போய்ச் சொல்லணும். கொடத்தை நவுத்து" என்றாயாம். இதை நான் பட்டம்மா சொல்லித்தான் பிற்பாடு அறிந்தேன்.

ஆனால் யாரிடம், எந்த மொழியில் சொல்வாய்? அதுதான் என் கவலை. விசாரணை செய்கிற துரைக்கு இங்கிலீஷ். மொழிபெயர்க்கும் முன்ஷிக்கு உருதுவும் தெலுங்கும். தமிழ் தெரிந்தவர்கள் அந்தக் கட்டடத்தில் இரண்டே பேர். ஒருவர் முனுசாமி. இன்னொருவன் நான், சாட்சியின் புருஷன், வாயைத் திறக்கக் கூடாது. சென்னையிலிருந்து ஆள் வரும்வரை ஒத்திப்போடலாம் என்றார்கள். அதற்குள் எட்டாம் நம்பர் காலியாகியிருக்கும். உன் ஹிந்துஸ்தானியோ காய்கறி வண்டியோடு நின்றுவிடும்.

நான் இரண்டு நாள் உட்கார்ந்து மூன்று பக்கத்துக்கு ஒரு வாக்குமூலம் எழுதினேன். மிகப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில் என்பதில் தொடங்கி, ஒரு வாக்கியத்துக்கு ஒன்பது காற்புள்ளி. இதை மனப்பாடம் செய் என்று கொடுத்தேன். நீ பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டாய். விசாரணை அன்று காலை வடாம் பொரித்தாய். பித்தளைத் தூக்கில் அந்த மூன்று பக்கத்தையும் விரித்து, அதன்மேல் வடாமை வைத்து, மூடி போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினாய். யாரையும் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது, சரிதான். ஆனாலும் என் ஆங்கிலத்துக்கு அதைவிட நல்ல பயன் இருந்ததா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

நான் வராந்தாவில், ஜன்னலுக்கு வெளியே நின்றேன். உள்ளே மேஜைக்கு அந்தப் பக்கம் துரை. ஓரமாகக் கிளெமென்ட், கையில் தொப்பி. இன்னொரு ஓரத்தில் முனுசாமி அண்ணன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. தட்டினேன் என்று அவர் சொல்வது உண்மை. எந்தக் கதவை என்று கேட்டால், எண் தெரியாது என்பது வெளிவந்துவிடும். அதற்குப் பயந்து, எட்டாம் நம்பரைத்தான் என்று சாதித்துக்கொண்டிருந்தார். நீ பேசினால் ஒருவருக்கு வேலை நிலைக்கும், இன்னொருவருக்குப் போகும். எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

துரை முன்ஷியைப் பார்த்துவிட்டு உன்னிடம் கேட்டார்: "டூ யூ ஸ்பீக் இங்கிலீஷ்?"

"ஃப்ரம் டைம் டு டைம்" என்றாய்.

அவ்வப்போது. துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டு உன்னை ஒரு முறை பார்த்தார். பிறகு மறுபடி எடுத்தார்.

அன்று இரண்டு மணிக்கு எங்கே இருந்தாய் என்று கேட்டார்.

"அட் ஹோம். ஃப்ரம் மார்னிங். வித்தவுட் ஃபெயில்."

கால்-பியூனைப் பார்த்தாயா?

"வித் மை ஓன் ஐஸ். இன் பிராட் டேலைட்."

பட்டப்பகலில், என் சொந்தக் கண்ணால். ஒரு வக்கீல்கூட அதைவிட நறுக்கென்று சொல்ல மாட்டான். துரை கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். கிளெமென்ட் வீட்டுக் கதவைத் தட்டினானா?

"ஆன் த காண்ட்ரரி" என்றாய்.

அதற்கு நேர்மாறாக. முனுசாமி அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். நீ எழுந்தாய். கேட்காமலேயே துரையின் மேஜையிலிருந்த இரண்டு ரூல் தடிகளை எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக வைத்தாய். முன் வரிசை, பின் வரிசை. மைக்கூட்டைத் தூக்கி முன் வரிசையில் வைத்து, "கிளெமென்ட் துரை. அட் ஹோம்" என்றாய். தூக்கின் மூடியைத் திறந்து ஒரு வடாமை எடுத்து முன் வரிசையில், மைக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தாய். "எவ்ரி டே, வடாம். இன் ஃபிரண்ட் ஆஃப் மை ஹவுஸ்." பிறகு அதே வடாமை எடுத்துப் பின் வரிசைக்கு மாற்றினாய். "தட் டே, அட் த பேக்." காகிதக் கனத்தை எடுத்து, முனுசாமி அண்ணனைக் காட்டினாய். காகிதக் கனம் மெல்ல நடந்து வந்தது. வடாமைப் பார்த்து நின்றது. பின் வரிசையில் மேஜையை மூன்று முறை தட்டியது. அங்கே ஒன்றும் இல்லை. நீ இரண்டு கையையும் விரித்தாய்.

"காலி" என்றாய். அதற்கு மட்டும் இங்கிலீஷ் வந்திருக்கவில்லை. அந்த முதல் நாளுக்குப் பிறகு மிஸஸ் கிளெமென்ட் அனுப்பிய எந்தத் தூக்கும் காலியாக வரவில்லை அல்லவா? முன்ஷி தலையாட்டி, அந்த ஒரு சொல்லைத் துரைக்கு மொழிபெயர்த்தார். அன்று முழுவதும் அவர் செய்த வேலை அது ஒன்றுதான்.

துரை இரண்டு ரூல் தடிகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஏன் இப்படி நேர்ந்தது என்றார்.

"ஆன் அக்கவுண்ட் ஆஃப் வடாம்."

வடாமின் காரணமாக. பிறகு நீ முனுசாமி அண்ணனைச் சுட்டினாய். "பை மிஸ்டேக்." உன்னையே சுட்டிக்கொண்டாய். "பை மிஸ்டேக்." கிளெமென்ட்டையும் சேர்த்து மூன்று பேரையும் சுற்றிக் காட்டி, கொஞ்சம் உரக்கச் சொன்னாய்: "நோபடி ஆன் பர்பஸ்."

உப்பு இரட்டிப்பாகிப் போன இரண்டு நாள் சாம்பாரையும் நான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

துரை கெட்டிக்காரர். கதவில் நம்பர் எழுதியிருக்கும்போது வடாமை எதற்குப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குப் பட்டுவிட்டது. பேனாவால் முனுசாமி அண்ணனைக் காட்டி உன்னைக் கேட்டார். "கேன் ஹி ரீட் நம்பர்ஸ்?"

நீ முனுசாமி அண்ணனைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

"ஃப்ரம் டைம் டு டைம்" என்றாய்.

செங்கமலம், இருபத்திரண்டு வருஷமாக நான் அந்த ஆபீசில் இங்கிலீஷ் எழுதுகிறேன். அந்த ஒரு விடைக்கு ஈடாக ஒரு வரி நான் எழுதியதில்லை. அது பொய்யா? பொய் என்று யாராவது நிரூபிக்க முடியுமா? அந்தச் சொற்களைப் பிரித்துப் பார்த்தால் நேரத்திலிருந்து நேரத்துக்கு என்று என்னமோ வரும். நீ பிரிக்கவில்லை. மூடியோடு வாங்கினாய், மூடியோடு கொடுத்தாய். உள்ளே இருந்தது சூடாகவே போய்ச் சேர்ந்தது.

அந்த விடையை நீ முன்னாலேயே யோசித்து வைத்திருந்தாயா, அங்கே நிற்கும்போது வந்ததா? பலமுறை கேட்க நினைத்தேன். கேட்டால் "எதுக்கு?" என்பாய் என்று விட்டுவிட்டேன்.

துரை பின் வரிசையிலிருந்த அந்த வடாமை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். தூக்கினடியில் எண்ணெயில் ஊறிக் கண்ணாடியாகிப்போன என் வாக்குமூலம் அவர் கண்ணில் பட்டது. மிகப் பணிவுடன் என்பதுவரை படித்தார். மேலே படிக்கவில்லை. இன்னொரு வடாமை எடுத்து, சிவப்பு நாடாவில் கோத்து, சாட்சிப் பொருள் என்று எழுதி ஃபைலோடு சேர்க்கச் சொன்னார். சில வருஷம் கழித்து அந்த ஃபைல் என் மேஜைக்கு வந்தது. நாடா இருந்தது. எறும்பும் இருந்தது.

உத்தரவு நாலாம் நாள் வந்தது. கிளெமென்ட் மீதான குற்றச்சாட்டு தள்ளுபடி. கால்-பியூனுக்கு எச்சரிக்கை. இனி டிரைவர் வீட்டுக் கதவு திறந்தாலும் திறக்காவிட்டாலும், அதே வீடுதான் என்பதற்குப் பக்கத்து வீட்டார் கால்-புக்கில் கையெழுத்திட வேண்டும். அதற்கு ஒரு கட்டம் சேர்க்கப்படும். குடியிருப்புச் சுவர்களில் தின்பண்டம் உலர்த்துவது தடை செய்யப்படுகிறது. இதை நான் வாசித்துக் காட்டியபோது கடைசி வரிக்கு மட்டும் முகம் சுளித்தாய். மறுநாள் வடாம் கூரைக்கு ஏறியது. அன்று சாயங்காலம் பட்டம்மா ஒரு படி வேர்க்கடலை கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அவள் கிண்ணத்தை நீ காலியாகத் திருப்பவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ தூக்கு போயிற்று, வந்தது. ஆணி போதாமல் இரண்டாவது ஆணி அடித்தோம். சண்டைக் காலத்தில் காகிதத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது மிஸஸ் கிளெமென்ட் ரொட்டிக் கடைப் பொட்டலத்தில் எழுதி அனுப்பினார். போன ஆவணியில் நீ போனாய். ஃபார் குட் என்ற சீட்டு முதல் ஆணியில் அடியில் எங்கேயோ இருக்கிறது. நான் தேடிப் பார்க்கவில்லை.

இப்போது செய்திக்கு வருகிறேன். கிளெமென்ட் இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். நாளை மறுநாள் திருமுல்கேரியில் மிஸஸ் கிளெமென்ட்டின் தங்கை வீட்டுக்குப் போகிறார்கள். சைக்கிளில் போனால் அரை மணி. ஆனாலும் அந்த அம்மா நேற்று சுவரோரம் நின்று இங்கிலாந்துக்கே கப்பல் ஏறுகிறவர்போல அழுதார். அதனால்தான் கிண்ணத்தைப் பற்றி உடனடியாக முடிவெடுக்க வேண்டியதாயிற்று.

அதில் போட்டுக் கொடுக்க நானே வடாம் பிழிந்து பார்த்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். காக்கைகள்கூட ஒரு முறை பார்த்துவிட்டுப் போய்விட்டன. பிறகுதான் தோன்றியது. இத்தனை வருஷம் அந்தப் பக்கத்திலிருந்து இங்கிலீஷ் வந்ததே, இந்தப் பக்கத்திலிருந்து ஒரு தமிழ் போயிருக்கிறதா? நாட்காட்டியில் நேற்றைய தாளைக் கிழித்து, ஆங்கில எழுத்தில் இரண்டு சொல் எழுதி, கிண்ணத்தில் போட்டு, எட்டாம் நம்பருக்குப் போனேன்.

மிஸஸ் கிளெமென்ட் சீட்டை எடுத்து, மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி வாசித்தார். "போ... யிட்டு... வாங்க. மீனிங், பாபு?"

"கோ அண்ட் கம்" என்றேன்.

"பட் வீ ஆர் கோயிங். கம் கைக்கு?"

ஊரைவிட்டுப் போகிறவர்களிடம் எதற்கு வரச் சொல்கிறாய் என்ற கேள்வி. வினையெச்சத்திலிருந்து தொடங்கலாம் என்று தொண்டையைச் செருமினேன். அந்த அம்மா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"எக்ஸ்பிளெய்ன் நக்கோ, பாபு. ஷி நெவர் டிட்."

பிறகு உள்ளே திரும்பி, பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த கிளெமென்ட்டைப் பார்த்து, உரக்கச் சொல்லிப் பார்த்தார். "போயிட்டு வாங்க!"

"வேர்?" என்றார் அவர்.

இரண்டு பேரும் சிரித்தோம். அந்த அம்மா சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சொன்ன விதத்தில் பிழையில்லை.

நான் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்த வீட்டிலிருந்து இனி எந்த ஏனமும் காலியாகப் போகாது. எட்டாம் நம்பருக்கு யார் குடிவந்தாலும், எந்த மொழிக்காரர்களாக இருந்தாலும், முதல் வாரமே பித்தளைத் தூக்கில், மூடி போட்டு, ஏதாவது கொடுப்பேன். திரும்பி வருவதை அப்படியே வாங்கிக்கொள்வேன். எதற்கு என்று கேட்க மாட்டேன்.

இன்று மத்தியானம் இரண்டு மணிக்குக் கிளெமென்ட்டின் கடைசி வண்டிக்கு அழைப்பு. முனுசாமி அண்ணன் வந்து கதவைத் தட்டினார். டிரைவர் கையெழுத்துப் போட்டார். பக்கத்து வீட்டார் கட்டத்தில் நான் போட்டேன்.

இப்படிக்கு,
ஏழாம் நம்பர் வீட்டில் இருக்கும்
உன் வீட்டுக்காரன்